இரண்டாயிரம் ரூபாய்க்குள் மடங்காத கத்தி: நம் கடற்கரைக்கு எது சரிப்படும்?

தோப்புக்காவல்

வணக்கம். உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலுக்கு நடந்து போகும் தூரத்தில், தென்னையும் பனையும் கலந்த தோப்பு ஒன்று எங்கள் குடும்பத்துக்கு இருக்கிறது. மாதத்தில் இரண்டு இரவுகளாவது அக்காள் மகன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே தங்குகிறேன். தார்ப்பாய் கட்ட முளைக்குச்சி சீவுவதும், கிடைத்த விறகில் சோறாக்குவதும், பகலில் நிழலில் உட்கார்ந்து கரண்டி செதுக்குவதுமாக, இணையத்தில் புஷ்கிராஃப்ட் என்று சொல்லப்படுவதை எங்கள் அளவில் செய்து வருகிறோம்.

இதுவரை ஒரு சமையல் கத்தியும் தாத்தாவின் அரிவாளும்தான் எங்கள் கருவிகள். சென்ற முறை சீமைக்கருவேலங் கட்டை ஒன்றைப் பிளப்பதற்காக அந்தச் சமையல் கத்தியை அதன் தலையில் வைத்து இன்னொரு கட்டையால் தட்டினேன். பிடி என் கையில் இருந்தது, அலகு எகிறிப் போய் மணலில் குத்தி நின்றது. எடுத்துப் பார்த்தால், பிடிக்குள் இரும்பு ஒரு அங்குலத்துக்குமேல் போகவில்லை. சின்னவனின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளித்தான் அது விழுந்தது என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே இரண்டாயிரம் ரூபாய்க்குள், உறையோடு ஒரு கத்தி வாங்க நினைக்கிறேன். கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா? அலகு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? இரும்பு பிடியின் கடைசிவரை ஓடும் ஃபுல் டாங் கத்திதான் வேண்டுமா? அல்லது பட்டறையிலேயே அடித்துக்கொள்ளலாமா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

உடைமரக்காடு

தம்பி, சின்னவனுக்கு ஒன்றும் ஆகாமல் போனதற்கு முதலில் மகிழ்ச்சி. கட்டை பிளக்கும்போது பிள்ளைகளை இரண்டு ஆள் நீளத்துக்கு அப்பால் நிறுத்துங்கள். அடுத்த கத்தி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இது மாறாது.

கேள்விக்கு வருகிறேன். உங்களிடம் அரிவாள் இருக்கிறது என்பதை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கோ அதுதான் இந்தப் பேச்சின் முக்கியமான தகவலாகப் படுகிறது. மேல்நாட்டுக் காணொளிகளில் ஒரே கத்தியால் கட்டை பிளந்து, கிளை வெட்டி, கரண்டியும் செதுக்குகிறார்கள் என்றால், அவர்கள் இடுப்பில் அந்த ஒரு கத்தி மட்டுமே இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று பொருள். கனமான அலகும் பெரிய பிடியும் வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. நம் பக்கத்தில் கட்டை பிளப்பதையும் கிளை கழிப்பதையும் அரிவாள் பார்த்துக்கொள்ளும். கத்திக்கு மிஞ்சுவது சீவுதல், செதுக்குதல், கயிறு அறுத்தல், மீன் கழுவுதல், காய் நறுக்குதல் ஆகிய சின்ன வேலைகள். இவற்றுக்கு நான்கு அங்குல அலகு போதும். உள்ளங்கை அகலத்தைவிடச் சற்று நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏழு ஆண்டுகளாக வைத்திருப்பது சுவீடனில் செய்யும் மோரா கம்பானியன், ஸ்டெயின்லெஸ் வகை. அலகு 10.4 சென்டிமீட்டர் நீளம், 2.5 மில்லிமீட்டர் தடிப்பு. எஃகு சான்ட்விக் 12சி27. அதில் கார்பன் 0.6 விழுக்காடு, குரோமியம் 13.5 விழுக்காடு அளவில் இருக்கும். உறை பிளாஸ்டிக், பிடி ரப்பர் பூசிய பிளாஸ்டிக். பார்ப்பதற்கு மேசன் பையில் கிடக்கும் சாமான் போலத்தான் இருக்கும், அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, அகலமான ஒரே சரிவாக இறங்குவதால், தீட்டும்போது அந்தச் சரிவைக் கல்லில் அப்படியே படிய வைத்துத் தள்ளினாலே கோணம் தானாக அமைந்துவிடும். புதிதாகத் தீட்டப் பழகும் பையன்களுக்கு இதைவிடச் சுலபமான வாய் கிடையாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இது ஃபுல் டாங் இல்லை. இரும்பு பிடியின் பாதிக்குச் சற்று மேல் வரைதான் போகிறது. ஆயினும் உங்கள் சமையல் கத்தியைப் போல் பெயருக்குச் செருகியது அல்ல, பிடி அதைச் சுற்றி இறுக்கமாக வார்க்கப்பட்டிருக்கிறது. மணிக்கட்டுத் தடிமனுள்ள நேரான விறகை நான் தட்டிப் பிளந்திருக்கிறேன். முடிச்சு விழுந்த சீமைக்கருவேலத்தில் ஒருபோதும் செய்ததில்லை. இதே வரிசையில் ஹெவி டியூட்டி என்று 3.2 மில்லிமீட்டர் தடிப்பில் ஒன்று உண்டு. பிளப்பதற்கு அது மேல், கரண்டி செதுக்க மெல்லியதுதான் மேல். இன்னொரு குறை, முதுகு விளிம்பு கூர்மையாக இல்லாததால் தீ மூட்டப் பொறி எடுக்கும் ஃபெரோ கம்பியைத் தேய்த்தால் பொறி சரியாக எழாது. நான் அரத்தால் முதுகில் இரண்டு அங்குலத்தைச் சதுர விளிம்பாக ராவிக்கொண்டேன். இப்போது காய்ந்த பன்னாடையைக் கசக்கி வைத்து நான்கு இழுப்பில் தீ எடுத்துவிடுகிறேன்.

உலைக்களம்

உடைமரக்காடு அண்ணன் சொல்வதில் தவறில்லை. ஆனால் மதுரையிலிருந்து இராமநாதபுரம் வரும் சாலையிலேயே திருப்பாச்சேத்தி இருக்கும்போது, நாம் சுவீடனுக்குப் போவதைப் பார்க்கச் சற்று வருத்தமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உலை எரிந்தது. நான் இப்போது வேறு வேலையில் இருந்தாலும் சித்தப்பா பரமக்குடிப் பக்கம் இன்னும் பட்டறை வைத்திருக்கிறார். அதனால் அடித்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

பட்டறையில் கிடைக்கும் இரும்பு பெரும்பாலும் லாரியின் வில்பட்டை. அது நல்ல எஃகு, கார்பன் 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை இருக்கும், அடி தாங்கும், உடையாமல் வளையும். அரிவாளுக்கு அதுவே பொருத்தம். சிக்கல் இரண்டு இடங்களில் வரும். ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அது அடிக்கும்போது தெரியாது, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக்கும் தோய்ச்சலின்போதுதான் வாய் பிளந்து காட்டும். அதனால் பட்டையின் நடுத்துளையைச் சுற்றியுள்ள பகுதியைச் சித்தப்பா எடுக்கவே மாட்டார்.

இரண்டாவது, தோய்ச்சல்தான் கத்தி. அடித்த உருவம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் தோய்ச்சல் தவறினால் அது தகடு. சித்தப்பா செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். வெயில் நேரத்தில் தோய்ச்சல் போடமாட்டார், வெளிச்சத்தில் இரும்பின் நிறம் பொய் சொல்லும் என்பார். அந்தியில் உலை ஊதி, அலகு பழுத்த நாவற்பழ நிறத்தைக் கடந்து செம்பருத்திச் சிவப்புக்கு வந்ததும், கயிற்றில் தொங்கும் காந்தத் துண்டில் தொட்டுப் பார்ப்பார். காந்தம் பிடிக்காமல் விட்டால் சூடு ஏறக்குறைய 770 பாகை செல்சியஸைத் தாண்டிவிட்டது. அதற்குமேல் இன்னும் கொஞ்சம் ஊதி, வாய்ப்பக்கத்தை மட்டும் எண்ணெயில் இறக்குவார். அரிவாளுக்குத் தண்ணீர் வைப்பவர்கள் இருக்கிறார்கள், மெல்லிய கத்தி தண்ணீரில் வெடித்துவிடும். எடுத்த உடனே வாயைக் கல்லில் தேய்த்து வெளுப்பாக்கி, முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாயை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் வைக்கோல் மஞ்சள் ஊர்ந்து வரும், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ, கடைசியில் நீலம். செதுக்குக் கத்தி என்றால் வைக்கோல் மஞ்சள் வாய்க்கு வந்ததும் மறுபடி எண்ணெய்க்குள் போய்விடும். அரிவாளுக்குக் கத்தரிப்பூ வரை விடுவார். இந்த இடைவெளி நான்கைந்து மூச்சுதான். அந்த நேரத்தில் யாரும் அவரோடு பேசக்கூடாது.

இப்படிச் செய்யும் ஆள் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள், ஃபுல் டாங்காகவே கேளுங்கள், நாட்டுக் கருவேலத்தில் பிடி போடச் சொல்லுங்கள். வாங்கும்போது அரத்தை வாயில் இலேசாக இழுத்துப் பாருங்கள். அரம் கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கினால் தோய்ச்சல் ஏறியிருக்கிறது, கடித்துத் துகள் எடுத்தால் மரியாதையாக வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கீழக்கரைப் படகு

உலைக்களத்தின் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். பட்டறைக் கத்தியின் மேல் எனக்கும் ஆசைதான். ஆனால் தோப்பு கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது என்று தம்பி முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார். அந்த வரியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன்.

என்னிடம் ஒரு கார்பன் எஃகுக் கத்தி இருந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்த காக்கா, அதாவது அண்ணன், வாங்கி வந்தது. தோல் உறையும் பித்தளை ஆணியுமாக, பார்த்தால் கையில் எடுக்கத் தோன்றும். வாடைக் காலத்தில் ஒரு வாரம் படகுக் கொட்டகைச் சுவரில் உறையோடு தொங்கவிட்டிருந்தேன். எடுத்துப் பார்த்தபோது பித்தளை ஆணிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது, உறையின் வாய் ஊறிப் பூத்திருந்தது, கத்தியோ வெளியே வரவில்லை. இழுத்து எடுத்தால் இரண்டு பக்கமும் செம்மண் பூசியதுபோல் இருந்தது. துருவைத் தேய்த்து எடுத்த பிறகு வாயில் மணல் அளவு குழிகள். அந்த வாயைத் திரும்பக் கொண்டுவர ஒரு மில்லிமீட்டர் எஃகைத் தேய்க்க வேண்டியதாயிற்று.

கத்தி கடலில் விழவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தோல் உப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கத்தி இரவும் பகலும் அந்த ஈரத்துக்குள் கிடக்கும். ஆகவே நம் கரையில் எஃகு எது என்று கேட்பதற்கு முன் உறை எது என்று கேட்க வேண்டும். அடியில் தண்ணீர் வடியத் துளையுள்ள பிளாஸ்டிக் உறைதான் சரி.

ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்றும் நம்பிவிடக்கூடாது. குரோமியம் 10.5 விழுக்காட்டுக்குமேல் இருந்தால் எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகிறது, அதுதான் காவல். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசி குத்தியதுபோல் அங்கங்கே உடைக்கும். அதனால் மீன் கழுவிய கத்தியைக் கடல் தண்ணீரிலேயே அலசி உறையில் போடுவது, கழுவாமல் போடுவதைவிட மோசம். நல்ல தண்ணீரில் கழுவி, இடுப்புச் சாரத்தின் முனையில் துடைத்து, பத்து நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போட்டால் ஸ்டெயின்லெஸ் பிழைத்துக்கொள்ளும். கார்பனுக்கு அதற்குமேல் ஒவ்வொரு முறையும் எண்ணெய் வேண்டும்.

எங்கள் வாப்பா வைத்திருந்த மீன் கத்தி, இரும்பு அறுக்கும் இயந்திரத்தின் ரம்பத் தகட்டைத் தேய்த்துச் செய்தது. வாய் அபாரமாக நிற்கும், துருவும் அவ்வளவாக ஏறாது. ஆனால் ஒருமுறை தேங்காய் ஓட்டில் போட்டபோது கண்ணாடி போல் இரண்டாக முறிந்தது. அந்த வகையைக் காட்டு வேலைக்கு யாரும் சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள்.

தோப்புக்காவல்

எல்லோருக்கும் நன்றி. கீழக்கரைக் காக்கா சொன்ன உறை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இணையக் கடைகளில் எஃகு வகை 440 என்றும் டி2 என்றும் டமாஸ்கஸ் என்றும் எழுதி, ஆயிரம் ரூபாய்க்கே ஃபுல் டாங் கத்திகள் வருகின்றனவே, அவற்றை நம்பலாமா?

உடைமரக்காடு

சுருக்கமாகச் சொல்கிறேன். 440 என்று மட்டும் எழுதியிருந்தால் எதுவும் எழுதாததற்குச் சமம். 440ஏ, 440பி, 440சி என மூன்று உண்டு. முதலாவதில் கார்பன் 0.6 விழுக்காட்டிலிருந்து தொடங்குகிறது, மூன்றாவதில் 1.2 வரை போகிறது. எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போடுபவர் எதை மறைக்கிறார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். டி2 நல்ல எஃகுதான், ஆனால் முழுமையான ஸ்டெயின்லெஸ் அல்ல. குரோமியம் 12 விழுக்காடு இருந்தாலும், கார்பன் 1.5 விழுக்காடு இருப்பதால் குரோமியத்தில் ஒரு பகுதி அதனோடு சேர்ந்து கார்பைடாகிவிடுகிறது, காவலுக்கு மிஞ்சுவது குறைவு. தீட்டுவதும் கடினம். தோப்பில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு டி2-வைத் தீட்ட உட்கார்ந்தால் சோறு வெந்து குழைந்துவிடும். டமாஸ்கஸ் என்பது பல அடுக்கு எஃகைச் சேர்த்து அடிப்பது, ஆனால் ஆயிரம் ரூபாய் டமாஸ்கஸின் அலைக்கோடுகள் பல நேரங்களில் மேலே அச்சடித்தவைதான்.

பிடிக்குள் தீப்பெட்டியும் மூடியில் திசைகாட்டியும் முதுகில் ரம்பப் பல்லும் வைத்து வரும் கத்திகளைப் பையன்கள் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். பொள்ளலான பிடிக்குள் அலகைத் தாங்க இரும்பு ஏது? உங்கள் சமையல் கத்தியின் கதைதான் மறுபடி நடக்கும்.

உப்பில் சற்றும் துருவேறாத எச்1 போன்ற எஃகுகள் இருக்கின்றன, கார்பனுக்குப் பதில் நைட்ரஜனை வைத்துச் செய்கிறார்கள். அவற்றின் விலை இந்த இழையின் தலைப்புக்குள் அடங்காது.

வடலி

தீட்டுவதைப் பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் சாயல்குடிப் பக்கம் பனையேறிக் குடும்பம். அப்பாவின் அருவாப்பெட்டியில் பாளை சீவும் அரிவாள் எப்போதும் மயிர் மழிக்கும் கூரில் இருக்கும், இல்லாவிட்டால் பாளை நசுங்கிப் பதநீர் நின்றுவிடும். அந்தக் கூர் கல்லில் வந்தது அல்ல. மரப்பலகை ஒன்றில் வெங்கச்சங்கல்லை மாவாக இடித்துத் தூவி, அதன்மேல் அரிவாளை முன்னும் பின்னுமாக இழுப்பார். கல் வாயை உண்டாக்கும், பலகைதான் அதைக் கூராக்கும் என்பது அவர் கணக்கு. இப்போது காணொளிகளில் தோல்வாரில் பச்சைப் பசை தடவி இழுக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதான்.

புதிதாக வாங்குபவர் கல்லுக்கென்று தனியாகப் பெரிய செலவு செய்ய வேண்டாம். வன்பொருள் கடையில் 400, 1000, 2000 எண்ணுள்ள தண்ணீர் உப்புத்தாளை ஒவ்வொன்று வாங்கி, பழைய சன்னல் கண்ணாடித் துண்டில் நனைத்து ஒட்டவைத்தால் போதும், தாள் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். அழுத்தாமல், வாயைப் பின்னுக்கு வைத்து இழுக்க வேண்டும். முன்னால் தள்ளினால் தாள் கிழியும். கடைசியில் உங்கள் தோப்பிலேயே கிடைக்கும் காய்ந்த தென்னை மட்டையின் வழவழப்பான பக்கத்தில் பத்து இழுப்பு இழுத்தால், செய்தித்தாளைத் தொங்கவிட்டு அறுக்கலாம்.

உலைக்களம் அண்ணனிடம் ஒரு கேள்வி. பட்டறைக் கத்தியைப் புளித்தண்ணீரில் ஊறவைத்தால் துரு மட்டுப்படுமா?

உலைக்களம்

மட்டுப்படும், நிற்காது. கெட்டியான புளிக்கரைசலில் ஒரு மணி நேரம் வைத்தால் எஃகின் மேல் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு படிவு வரும். அது செந்துரு வரும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். எடுத்ததும் நன்றாகக் கழுவி, புளிப்பு தங்காமல் துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். கீழக்கரைக் காக்கா சொன்ன ஒரு வாரத்துக்கு எந்தப் புளியும் தாங்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். கரையிலிருந்து இருபது கிலோமீட்டர் உள்ளே இருப்பவருக்கு நான் சொன்னதும், கரையில் இருப்பவருக்குக் காக்கா சொன்னதும் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மட்டுறுத்துநர்

புதியவர்களுக்காக ஒரு குறிப்பு. ஆயுத விதிகளின் அட்டவணையில், 9 அங்குலத்துக்குமேல் நீளமோ 2 அங்குலத்துக்குமேல் அகலமோ உள்ள அலகுகள் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை அதில் சேரா. இங்கே பேசப்படும் நான்கு அங்குலக் கத்தி அந்த அளவுக்கு மிகவும் கீழே இருக்கிறது. ஆயினும் தோப்புக்கு எடுத்துப் போகும் கத்தியைப் பேருந்திலும் கோயில் வாசலிலும் இடுப்பில் தொங்கவிட வேண்டாம், உறையோடு பைக்குள் கிடக்கட்டும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே இறங்கித் தங்குவது, விறகு வெட்டுவது குறித்த கேள்விகளை இந்த இழையில் அனுமதிப்பதில்லை. சொந்தத் தோப்பாக இருந்தாலும் பனையைச் சாய்க்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தோப்புக்காவல்

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வாங்கிப் பயன்படுத்தாமல் எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

மெல்லிய அலகுள்ள ஸ்டெயின்லெஸ் கம்பானியனை வாங்கினேன். அதோடு, தாத்தாவின் அரிவாளை உலைக்களம் அண்ணன் தனிமடலில் சொன்ன பட்டறைக்கு எடுத்துப் போய், பழைய வாயை வெட்டி, மறுபடி அடித்துத் தோய்ச்சல் போட்டு, புதுப்பிடியும் வைத்து வாங்கி வந்தேன். இரண்டும் சேர்ந்தும் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை.

வாடையில் ஐந்து இரவுகள் தங்கினோம். இப்போது கட்டையைப் பிளப்பது அரிவாள்தான். முதுகில் மரச்சுத்தியலால் தட்டினால் சீமைக்கருவேலம்கூட வழி விடுகிறது. பிளந்த துண்டைச் சிராய் சிராயாகச் சீவிப் பூப்போல் விரிய வைப்பதைப் பெரியவன் கத்தியால் செய்கிறான். ஈர விறகிலும் உள்மரம் காய்ந்திருப்பதால் இந்தச் சிராய்ப்பூ தீயைப் பிடித்துக்கொள்கிறது. மண்ணெண்ணெய் எடுத்துப் போவதை நிறுத்திவிட்டோம். சின்னவன் உடைமரக் கிளையில் கரண்டி ஒன்று தொடங்கி, குழியை எப்படித் தோண்டுவது என்று தெரியாமல் விட்டுவிட்டான். நேரான அலகால் குழி வராது என்பது எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

துருவைப் பற்றி: மூன்றாம் இரவு நகரை மீனைக் கழுவிவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் அப்படியே உறையில் போட்டுவிட்டேன். காலையில் வாய் சுத்தமாக இருந்தது, ஆனால் அலகில் நிறுவனத்தின் பெயர் பொறித்த பள்ளத்துக்குள் மிளகில் பாதியளவு பழுப்புப் புள்ளி ஒன்று. சாம்பலும் எலுமிச்சம்பழத் தோலும் வைத்துத் தேய்த்ததும் போய்விட்டது. அதே இரவு வெளியில் கிடந்த அரிவாளோ முழுக்கச் சிவந்திருந்தது, தேங்காய் எண்ணெயும் தேய்ப்புமாக அரை மணி நேரம் ஆயிற்று.

உலைக்களம்

அரிவாளின் பூணுக்கும் பிடிக்கும் நடுவில் எண்ணெய் விடுங்கள் தம்பி, துரு முதலில் அங்கேதான் உட்காரும். கரண்டிக் குழிக்கு வளைந்த கத்தி வேண்டும். வில்பட்டைத் துண்டு ஒன்று சித்தப்பாவிடம் கிடக்கிறது, சின்னவனின் கை அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள்.